ஒரு காரட் கல் மூன்று காரட்டாகத் தெரிவது எப்படி?

கல்யாண மண்டபத்தில் நாலு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கும் பாட்டியின் காதைக் கவனியுங்கள். ஏழுகல் தோடு போட்டிருப்பார். நடுவில் ஒன்று, சுற்றி ஆறு என்று தனித்தனி வைரங்கள். ஆனால் அந்தத் தூரத்திலிருந்து ஏழு கல் தெரியாது. தலை அசையும்போதெல்லாம் ஒரே பெரிய கல் பளிச்சென்று வெட்டுவது போலத்தான் இருக்கும். கிட்டே போய் நலம் விசாரிக்கும்போதுதான் அது ஏழாகப் பிரியும்.

இப்போது நிச்சயதார்த்தத்துக்கு மோதிரம் வாங்கப் போகிறவர்கள் கேட்டு வாங்கும் ‘ஹாலோ’ மோதிரத்திலும் நடப்பது இதுவே. நடுவில் ஒரு பெரிய கல், அதை நெருக்கமாகச் சுற்றி ஒரு வட்டம் பொடிக்கற்கள். புதிய மோஸ்தர் என்று சொல்ல முடியாது. 1981இல் பிரிட்டிஷ் இளவரசி டயானாவின் விரலில் ஏறி, இன்று அவர் மருமகள் கேட்டின் விரலில் இருக்கும் அந்தப் புகழ்பெற்ற மோதிரமும் இந்தக் குடும்பம்தான்: 12 காரட் இலங்கை நீலக்கல், சுற்றிலும் 14 வைரங்கள்.

கடைக்காரர் இரண்டு மோதிரங்களை எடுத்து வைக்கிறார். ஒன்று ஒற்றைக்கல், மற்றது ஹாலோ. இரண்டிலும் நடுக்கல் சரியாக ஒரு காரட். ஆனாலும் ஹாலோவில் இருப்பது பெரிதாகத் தெரிகிறது. ‘இது லேப் குரோன் சார், அதனாலதான் இந்த விலை’ என்றும் சொல்கிறார். வாங்க வந்தவருக்கு இப்போது இரண்டு சந்தேகங்கள். அளவில் ஏமாற்றுகிறார்களா? கல்லில் ஏமாற்றுகிறார்களா?

முதலில் அளவு. காரட் என்பது எடை, 0.2 கிராம். கல் எவ்வளவு அகலம் என்று அது நேரடியாகச் சொல்வதில்லை. வட்டமாகப் பட்டை தீட்டிய ஒரு காரட் வைரத்தின் விட்டம் ஏறத்தாழ 6.5 மில்லிமீட்டர். இரண்டு காரட் என்றால் 13 மில்லிமீட்டராக வேண்டாமா? ஆகாது. 8.2 மில்லிமீட்டர்தான். கல் பருக்கும்போது நீளம், அகலம், ஆழம் மூன்றிலும் பருக்கிறது. கூடிய எடையில் ஒரு பங்கு ஆழத்துக்குப் போய்விடுகிறது. அந்த ஆழம் விரலைப் பார்த்தபடி மோதிரத்துக்குள் புதைந்து கிடக்கிறது. அதற்கும் காசு கொடுத்திருக்கிறோம், ஆனால் யாரும் அதைப் பார்ப்பதில்லை.

ஹாலோ இந்தக் கணக்கைக் குறுக்குவழியில் தாண்டுகிறது. 6.5 மில்லிமீட்டர் நடுக்கல்லைச் சுற்றி 1.3 மில்லிமீட்டர் விட்டமுள்ள பொடிக்கற்களை வைத்தால் சுமார் 18 கற்கள் பிடிக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு சென்ட். (நூறு சென்ட் ஒரு காரட், நிலத்துச் சென்ட் வேறு.) ஆக, கூடுதல் எடை 18 சென்ட். மினுங்கும் வட்டத்தின் விட்டமோ 9.1 மில்லிமீட்டர் ஆகிவிடும். ஒரே கல்லாக அந்த அகலம் வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்று காரட் வாங்க வேண்டும். எல்லாக் கற்களையும் மேற்பரப்பில் பரப்பி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வட்டம் மொத்தமாகப் பெரிதாகத் தெரிவதற்கு இந்தக் கணக்கு போதும். நடுக்கல் மட்டுமே தனியாகப் பெரிதாகத் தெரிகிறதே, அது கண்ணின் வேலை. பெல்ஜியத்தைச் சேர்ந்த டெல்போஃப் 1865இல் இதை எழுதி வைத்தார். ஒரே அளவில் இரண்டு வட்டங்கள் வரைந்து, ஒன்றைச் சுற்றி மட்டும் நெருக்கமாக இன்னொரு வட்டம் போட்டால், உள்ளே இருக்கும் வட்டம் மற்றதைவிடப் பெரிதாகத் தோன்றும். வெளிவட்டத்தை விலக்கிக்கொண்டே போனால் இந்த மயக்கம் தேய்ந்து, ஒரு கட்டத்தில் தலைகீழாகி உள்வட்டம் சின்னதாகத் தெரியத் தொடங்கும்.

‘தோன்றும்’ என்பதை எப்படி அளக்கிறார்கள்? பார்ப்பவரின் முன் ஒரு தனி வட்டத்தை வைத்து, அதைச் சுருக்கவும் விரிக்கவும் அவரிடமே கொடுத்துவிடுகிறார்கள். வளையத்துக்குள் இருக்கும் வட்டத்துக்குச் சமம் என்று அவருக்குப் படும்வரை அவர் திருகலாம். அவர் நிறுத்திய அளவுக்கும் உண்மையான அளவுக்கும் உள்ள வித்தியாசமே மயக்கத்தின் அளவு. பலரை இப்படித் திருகவிட்டுப் பார்த்ததில், வெளிவட்டம் உள்வட்டத்தைப் போல் சுமார் ஒன்றரை மடங்கு இருக்கும்போது மயக்கம் உச்சத்தில் இருப்பது தெரிந்தது. நம் மோதிரத்தில் 9.1ஐ 6.5ஆல் வகுத்தால் 1.4 வருகிறது. பட்டறைக்காரர்கள் டெல்போஃபைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. எது விற்கிறதோ அதை மறுபடியும் செய்து செய்தே இந்த விகிதத்துக்கு அருகில் வந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

வாங்குகிறவருக்கு இதில் ஒரு சேதி இருக்கிறது. சுற்றுக்கற்கள் நடுக்கல்லை ஒட்டி நிற்க வேண்டும். நடுவில் தங்கம் பட்டையாகத் தெரியும்படி இடைவெளி விட்டால், கண் இரண்டையும் பிரித்துவிடும். சுற்றுக்கற்களே பெரிதாக இருந்தாலும் காரியம் கெடும்; பெரியவர்கள் சூழ நிற்கும் குழந்தையாக நடுக்கல் சிறுத்துப்போகும். நிறத்திலும் கவனம் வேண்டும். தனியாக ஒரு கல்லைக் காட்டினால் அதில் இலேசான மஞ்சள் இருப்பது நம் கண்ணுக்குப் படாது. பக்கத்தில் வெள்ளை வெளேரென்று பதினெட்டு கற்களை வைத்துவிட்டால் உடனே காட்டிக்கொடுத்துவிடும். கண்ணுக்கு அளக்கத் தெரியாது. ஒப்பிட நன்றாகத் தெரியும்.

அடுத்தது மினுமினுப்பு. வைரத்துக்குள் நுழையும் ஒளியின் வேகம் இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகத் தணிகிறது. வைரத்தின் ஒளிவிலகல் எண் 2.42 என்று சொல்வது இதைத்தான். இப்படித் தணிந்த ஒளி வெளியே வருவது எளிதல்ல. கல்லின் உட்சுவருக்குச் செங்குத்தாக ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டிலிருந்து 24 பாகைக்கு மேல் சாய்ந்து வரும் கதிர் எதுவும் சுவரைத் தாண்டாது. கண்ணாடியில் பட்டதுபோலத் திரும்பிவிடும். இதற்கு முழு அக எதிரொளிப்பு என்று பெயர். சாதாரணக் கண்ணாடியில் இந்த எல்லை 41, 42 பாகை. அதனால் கண்ணாடிக் கல்லின் அடியில் ஒளி எளிதாக ஒழுகிவிடும். வைரத்தில் சரியான சாய்வில் பட்டை போட்டால், மேலே நுழைந்தது இரண்டு முறை திரும்பி மேலேயே வெளிவரும். வரும்போது நிறங்களாகவும் பிரிந்து வரும்.

எந்தச் சாய்வு சரி என்று கணக்குப் போட்டவர் மார்செல் டோல்கோவ்ஸ்கி. ஆண்ட்வெர்ப் வைரக் குடும்பத்துப் பிள்ளை. 1919இல் வெளியான புத்தகத்தில், அடிப்பகுதிப் பட்டைகள் 40.75 பாகையும் மேற்பகுதிப் பட்டைகள் 34.5 பாகையும் சாய்ந்திருக்க வேண்டும் என்றார். இன்றைய 57 பட்டை வட்ட வைரம் இந்த எண்களைச் சுற்றித்தான் நிற்கிறது. அடிப்பகுதி தட்டையாகிவிட்டாலும் மிக ஆழமாகிவிட்டாலும் கல் நடுவில் கறுத்தோ வெளுத்தோ கிடக்கும். நிறமும் தெளிவும் முதல் தரத்தில் இருக்கட்டும், பட்டை தவறினால் கல் செத்ததுதான்.

பொடிக்கல்லில் கதை வேறு. 1.3 மில்லிமீட்டர் கல்லில் 57 பட்டைகள் போட்டால் பெரும்பாலானவை கை நீட்டிப் பார்க்கும் தூரத்தில் கண் பிரித்தறியக்கூடிய எல்லைக்கும் கீழே போய்விடும். அதனாலேயே மிகச் சிறிய கற்களுக்கு 17 பட்டை மட்டும் போடும் பழைய வழக்கம் இன்னும் இருக்கிறது. நடுக்கல் பெரிய பெரிய நிறத் துண்டுகளாக ஒளியை வீசும். சுற்றுக்கற்கள் வெள்ளையாகப் பொரிந்துகொண்டிருக்கும். நல்ல ஹாலோவின் அழகு இந்த வேறுபாட்டில் இருக்கிறது.

இதே எதிரொளிப்புதான் வைரத்தோட்டில் ‘எண்ணெய் இறங்கிடுச்சு’ என்று நம் வீடுகளில் சொல்வதற்கும் விடை. 24 பாகை என்பது கல்லுக்கு வெளியே காற்று இருந்தால் உள்ள எல்லை. பின்பக்கம் எண்ணெய்ப் படலம் ஒட்டிக்கொண்டால் எல்லை சுமார் 37 பாகைக்கு ஏறிவிடும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட சாய்வில் வந்து, முன்பு திரும்பிக்கொண்டிருந்த கதிர்களெல்லாம் இப்போது எண்ணெய்க்குள் கசிந்து போகும். கல் மங்கும். வைரத்துக்குத் தண்ணீரைவிட எண்ணெயோடுதான் ஒட்டுறவு அதிகம். தென்னாப்பிரிக்கச் சுரங்கங்களில் கிரீஸ் தடவிய பலகைமேல் சரளையைத் தண்ணீரோடு ஓடவிட்டு, ஒட்டிக்கொண்டவற்றை வைரம் என்று பொறுக்கியிருக்கிறார்கள். ஹாலோ மோதிரத்தில் பதினெட்டு இடுக்குகள். சோப்பும் கிரீமும் போய் உட்கார அவ்வளவு இடம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு விட்டு, மெல்லிய பிரஷ்ஷால் பின்பக்கத்தைத் தேய்த்தால் போதும்.

இனி இரண்டாவது சந்தேகம். லேப் குரோன் வைரம், அதாவது ஆய்வகத்தில் வளர்த்த வைரம், வைரம்தானா?

வைரம் எதனால் ஆனது என்பதே 18ஆம் நூற்றாண்டில்தான் தெரிந்தது. 1772இல் லவாசியே பெரிய லென்ஸ் வழியாகச் சூரிய ஒளியைக் குவித்து வைரத்தை எரித்துப் பார்த்தார். 1797இல் ஸ்மித்சன் டெனன்ட் சம எடையுள்ள வைரத்தையும் கரியையும் எரித்து, இரண்டிலும் ஒரே அளவு கரிவளி வருவதைக் காட்டினார். வைரம் வெறும் கார்பன். ஒவ்வோர் அணுவும் நான்கு அண்டை அணுக்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கும் கார்பன். அந்தப் பிடிப்பை எங்கே உண்டாக்கினாலும் அது வைரம்தான். இன்று ஒரு கல் வைரமா என்று உறுதிப்படுத்தும் வழிகளில் ஒன்று அதன்மேல் லேசர் பாய்ச்சி ராமன் நிறமாலை எடுப்பது. வைரம் என்றால் 1332 என்ற இடத்தில் கூர்மையாக ஒரு கோடு விழும். அந்தக் கோட்டைப் பற்றி 1930இல் ‘நேச்சர்’ இதழில் எழுதியவர் சி. ராமஸ்வாமி. திருச்சியில் பிறந்த சர் சி. வி. ராமனும் பின்னாளில் பெங்களூரில் நூற்றுக்கணக்கான வைரங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தார். ஆய்வகக் கல்லிலும் சுரங்கக் கல்லிலும் கோடு ஒரே இடத்தில்தான் விழும். அமெரிக்கன் டைமண்ட் என்று நாம் சொல்லும் ஜிர்கோனியாவில் அது கிடையாது. அது வைரம் போன்ற வேறு பொருள்.

ஆய்வகத்தில் வைரம் செய்ய இரண்டு வழிகள். ஒன்று, பூமிக்கு அடியில் நடப்பதை இயந்திரத்துக்குள் நடத்துவது. சுவீடனின் ASEA நிறுவனம் 1953இல் இதைச் செய்து முடித்தும் வெளியே சொல்லவில்லை. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக்கில் டிரேசி ஹால் 1954 டிசம்பர் 16 அன்று செய்தார். 1955 பிப்ரவரியில் உலகத்துக்கு அறிவித்தார்கள். காற்றழுத்தத்தைப் போல் ஐம்பது அறுபதாயிரம் மடங்கு அழுத்தத்தில், 1400 பாகை வெப்பத்தில், உருகிய இரும்பு, நிக்கல், கோபால்ட் போன்ற உலோகத்தில் கார்பனைக் கரைத்து, ஒரு வித்துப்படிகத்தின்மேல் படியவிடுகிறார்கள். ஆரம்பத்தில் கிடைத்ததெல்லாம் மணல்போலத்தான். நகைக்கு ஆகிற அளவில் கல் வர 1970 ஆயிற்று.

இரண்டாவது வழியான வேதி ஆவிப் படிவு, அதாவது சிவிடி, எனக்கு இன்னும் வியப்பானது. இதில் அழுத்தமே இல்லை. காற்றழுத்தத்தைவிடக் குறைந்த அழுத்தமுள்ள அறையில் ஹைட்ரஜனையும் கொஞ்சம் மீத்தேனையும் விட்டு, மைக்ரோவேவால் பிளாஸ்மா ஆக்குகிறார்கள். மீத்தேன் உடைந்து கார்பன், கீழே வைத்திருக்கும் மெல்லிய வைரத் தகட்டின்மேல் அடுக்கடுக்காகப் படிகிறது. இவ்வளவு குறைந்த அழுத்தத்தில் கார்பன் பென்சில் கரியாகத்தானே ஆக வேண்டும்? ஆகத்தான் செய்கிறது. ஆனால் பிளாஸ்மாவில் இருக்கும் ஹைட்ரஜன் அணுக்கள் கரியை வேகமாக அரித்துத் தள்ளுகின்றன, வைரத்தை அவ்வளவாகத் தொடுவதில்லை. கரி வந்த வேகத்தில் போய்விட, வைரம் மட்டும் மிஞ்சுகிறது. ஒரு மணி நேரத்தில் மில்லிமீட்டரில் நூற்றில் சில பங்கு வளர்ந்தாலே பெரிது. ஒரு காரட் கல்லுக்கு வாரக்கணக்காகும். 1952லேயே அமெரிக்காவில் எவர்சோல் இதைத் தொட்டார். 1980களில் ஜப்பானியர்கள் பயனுள்ளதாக்கினார்கள். இன்று இதற்குப் பெயர்போன ஊர்களில் ஒன்று சூரத். உலகத்து வைரங்களில் பெரும்பகுதிக்குப் பட்டை தீட்டும் அதே சூரத்தான். 2023இல் பிரதமர் மோடி அப்போதைய அமெரிக்க அதிபர் பைடனின் மனைவிக்குப் பரிசளித்த 7.5 காரட் கல் ஆய்வக வைரம். அதே ஆண்டில் வைரத்துக்கான வித்துப்படிகத்தையும் இயந்திரத்தையும் உள்நாட்டிலேயே உருவாக்கும் ஆராய்ச்சிக்குச் சென்னை ஐஐடிக்கு மத்திய அரசு ஐந்தாண்டுகளுக்கு 242 கோடி ரூபாய் ஒதுக்கியது.

இரண்டும் வைரம் என்றால், நிபுணர்கள் எப்படிப் பிரிக்கிறார்கள்? கடையில் கல்லின்மேல் ஊசியை வைத்துப் பீப் ஒலி காட்டுகிறார்களே, அது பிரிக்காது. வெப்பத்தை எவ்வளவு வேகமாகக் கடத்துகிறது என்று மட்டுமே அது பார்க்கும். செம்பைவிடப் பல மடங்கு வேகமாகக் கடத்தும் குணம் இரண்டு வைரத்துக்கும் பொது. லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் பெரும்பாலும் தெரியாது. சிலப்பதிகாரத்து மதுரை மணிக்கடைக்காரர்கள் பார்த்த நான்கு குற்றங்களை இன்று எந்த நிபுணர் தேடினாலும், கல் எங்கே பிறந்தது என்று சொல்லிவிட முடியாது.

காட்டிக்கொடுப்பது நைட்ரஜன். பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழே வைரம் உருவாகும்போது கார்பன் அணுக்களிடையே இங்கொன்றும் அங்கொன்றுமாக நைட்ரஜன் மாட்டிக்கொள்கிறது. வைரம் கெட்டி. அதற்குள் ஓர் அணு இடம் நகர்வது லேசில்லை. ஆனால் ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட சூட்டில் கோடிக்கணக்கான ஆண்டுகள் கிடந்தால் நைட்ரஜன் மெல்ல நகர்ந்து, முதலில் இரண்டிரண்டாகவும் பிறகு நான்கு நான்காகவும் கூடிவிடும். போன வாரம் போட்ட மாவடுவையும் போன வருஷத்து மாவடுவையும் கண்ணை மூடிக்கொண்டு கடித்தாலே தெரிகிறதல்லவா? சேர்த்தது அதே உப்பு, அதே மிளகாய்; ஆனால் ஊறின காலத்தை யாரும் அவசரமாகச் செய்து சேர்த்துவிட முடியாது. இயற்கை வைரங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து இப்படி ஊறியவை. கூடிய நைட்ரஜன், ஒளியின் குறிப்பிட்ட சில நிறங்களை விழுங்கும். சோதனைக் கருவி அந்த இடத்தைத்தான் பார்க்கிறது.

ஆய்வகக் கல்லில், முக்கியமாகச் சிவிடி கல்லில், நைட்ரஜன் கிட்டத்தட்ட இல்லை. இந்த வகைக்கு ‘இரண்டு-ஏ’ என்று பெயர். ஆக, அளவுக்கு மீறித் தூய்மையாக இருப்பதால்தான் கல் சந்தேகத்துக்குள்ளாகிறது. வேடிக்கை என்னவென்றால் கோஹினூரும் இதே இரண்டு-ஏதான். அதைக் கொண்டுபோய் இன்றைய கருவியில் வைத்தால், ‘மேற்கொண்டு சோதிக்கவும்’ என்று ஒதுக்கி வைத்துவிடும். அந்த அடுத்த சோதனையில் கடுமையான புற ஊதா ஒளியைப் பாய்ச்சி, கல் ஒளிரும் கோலத்தைப் படம் எடுக்கிறார்கள். சிவிடி கல்லில் அடுக்கு வரிகள் தெரியும். அழுத்தத்தில் செய்த கல்லில் வேறு வடிவம், சில சமயம் விளக்கை அணைத்த பிறகும் மங்காத ஒளிர்வு. கல்லை வளர்த்த அறையின் சுவரிலிருந்தும் சன்னலிலிருந்தும் வந்து புகுந்த சிலிக்கானின் தடம்கூடச் சிவிடி கல்லில் கிடைப்பதுண்டு.

ஆகவே, கண்ணுக்கு வித்தியாசம் கிடையாது. கருவிக்கு உண்டு. சந்தைக்கு மிக அதிகமாக உண்டு. வைரச் சுரங்க நிறுவனமான டி பீர்ஸ் 2018இல் லைட்பாக்ஸ் என்ற பெயரில் ஆய்வக வைர நகைகளைக் காரட்டுக்கு 800 டாலர் என்று விற்கத் தொடங்கியது. அதற்குப் பின் விலை சரிந்த சரிவில் 2025இல் அந்தக் கடையையே மூடுவதாக அறிவித்துவிட்டது. சுரங்கம் தீரலாம், இயந்திரம் பெருகிக்கொண்டே போகும். இன்று வாங்கும் ஆய்வக வைரத்தை நாளை விற்றால் வாங்கிய விலையில் சொற்பம்கூட வருவது கடினம். ஆனால் இதைச் சொல்லி சுரங்க வைரத்தின் பக்கம் தள்ளுகிறவர்கள் இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நகைக்கடன் கொடுக்கும் வங்கியும் அடகுக் கடையும் எந்தக் கல்லையும் கணக்கில் எடுப்பதில்லை. கல் எடையைக் கழித்துவிட்டுத் தங்கத்துக்குத்தான் பணம். ‘பசுமை வைரம்’ என்ற விளம்பரமும் அப்படியே நம்பத் தக்கதல்ல; அந்த இயந்திரம் எந்த மின்சாரத்தில் ஓடுகிறது என்பதைப் பொறுத்தது அது.

என் கட்சி இதுதான். அணிந்து மகிழ்வதற்கான மோதிரம் என்றால் ஆய்வக வைரம் தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தைப் பெரிய கல்லில் போடாமல் பட்டையின் தரத்தில் போடுங்கள். அகலத்தை ஹாலோ பார்த்துக்கொள்ளும். சான்றிதழ் பெரும்பாலும் நடுக்கல்லுக்கு மட்டுமே இருக்கும் என்பதால் சுற்றுக்கற்கள் எவை என்று பில்லில் எழுதி வாங்குங்கள். சான்றிதழின் மொழியும் மாறிவருகிறது. வைரங்களுக்குத் தரச் சான்று வழங்கும் ஜிஐஏ நிறுவனம் 2025 அக்டோபரிலிருந்து ஆய்வக வைரங்களுக்கு நிறம், தெளிவு என்ற நுணுக்கத் தரங்களை விட்டுவிட்டு ‘பிரீமியம்’, ‘ஸ்டாண்டர்ட்’ என்ற இரண்டே வகையில் அடக்கிவிட்டது. மோதிரத்தைக் காதருகே வைத்து விரலால் சுண்டிப் பாருங்கள். ‘டிக்டிக்’ என்றால் எங்கோ ஒரு பொடிக்கல் ஆடுகிறது.

கடையின் கூரையில் இருக்கும் குட்டிக் குட்டி எல்இடி விளக்குகளின் கீழ் எந்தக் கல்லும் மின்னும், ஜிர்கோனியாவும் மின்னும். பணம் கட்டுவதற்கு முன் மோதிரத்தை வாசல் கண்ணாடிப் பக்கம் எடுத்துப்போய்ப் பகல் வெளிச்சத்தில் ஒருமுறை பாருங்கள். அங்கேயும் உயிரோடு இருக்கும் கல்லை வாங்குங்கள்.